புதுச் செயின் ஏன் குதிக்கிறது?

எங்கள் வேளச்சேரி அடுக்ககத்தில் கியர் சைக்கிள் வைத்திருக்கும் கல்லூரிப் பையன் ஒருவன், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினான். "அங்கிள், செயின் ரொம்பப் பழசாயிடுச்சேன்னு புதுசு போட்டேன். இப்போ அழுத்தி மிதிச்சா கடக் கடக்னு குதிக்குது. பழைய செயினே ஒழுங்கா ஓடுச்சு." கடையில் மட்டமான செயினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவன் முடிவு. கீழே போய்ப் பார்த்தேன். நல்ல செயின்தான். அது குதிப்பதற்குக் காரணமே அது புதுசு என்பதுதான்.

இதைச் சொன்னதும் அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பத்து வருடத்துக்கு முன்னால் இதே பதிலைச் சொன்ன ஒரு மெக்கானிக் அண்ணனை நானும் அப்படித்தான் பார்த்தேன். காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைத்து வேறு கடைக்குப் போய், அங்கேயும் அதையே கேட்டுத் திரும்பி வந்தேன்.

சைக்கிளில் எந்தப் பாகமும் தனி ஆள் கிடையாது. பக்கத்துப் பாகத்தோடு சேர்ந்தேதான் தேயும். மாற்றும்போதும் பக்கத்துப் பாகத்துக்குப் பொருந்தினால்தான் வேலை செய்யும். ரிப்பேர் என்றாலும் அப்கிரேடு என்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் ஜோடி எது? செயினை வைத்துச் சொன்னால் இது சட்டென்று புரியும். (சென்னையில் 'பைக்' என்றால் மோட்டார் வண்டி. அதனால் கட்டுரை முழுக்க மவுண்டன் சைக்கிள் என்றே சொல்கிறேன்.)

செயின் நீள்வதில்லை

"செயின் நீண்டுபோச்சு" என்பார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் இரும்புத் தகடு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. செயினைக் கையில் எடுத்து ஒரு கண்ணியை மடக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தகடு, தகடுகளைக் கோத்திருக்கும் பின், அதைச் சுற்றி உருளும் சின்ன உருளை. பல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு கொஞ்சம் திரும்புகிறது. உள்ளே மணல் புகுந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். பின் ஒரு மயிரிழை தேயும், அது உட்கார்ந்திருக்கும் துளை ஒரு மயிரிழை அகலும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகள் ஒரு செயினில் இருக்கின்றன. எல்லா மயிரிழைகளும் சேர்ந்ததைத்தான் நீளம் என்கிறோம்.

புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளிலும் இதே அளவு, இன்றைய 12 கியர் சைக்கிளிலும் இதே அளவு. அகலம் மட்டும்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இந்த மாறாத அளவு நமக்கு ஒரு வசதி. செயின் தேய்மானத்தை அளக்கத் தனிக் கருவி விற்கிறார்கள், வாங்கினால் நல்லதுதான். ஆனால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலே போதும்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பெடலை லேசாக அழுத்திச் செயினின் மேல் பக்கத்தை விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேலின் பூஜ்ஜியக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24 அரை அங்குலம் தாண்டினால் 12 அங்குலம். புதுச் செயினில் 12ஆம் கோட்டின்மேல் ஒரு பின் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் அரை சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் சைக்கிளுக்கு அப்போதே புதுச் செயின் போட வேண்டும். 7, 8 கியர் சைக்கிள் என்றால் இன்னும் கொஞ்சம், முக்கால் சதவீதம் வரை ஓட்டலாம். மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் ஒரு சதவீதம். அப்போது செயினோடு சேர்த்துப் பல்சக்கரத்துக்கும் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், கண்ணிகளின் இடைவெளி கூடிய செயின் பல்லின் அடியில் உட்காராமல் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்கிறது. அங்கேயே அழுத்தி அழுத்திப் பல்லின் ஒரு பக்கத்தை அரித்துவிடுகிறது. கெட்டுப்போன செயினுக்கு ஏற்ற மாதிரி பல்லும் கெடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிப்போனதால் சத்தமே வராது. அங்கே 12.7 மில்லிமீட்டர் கணக்கோடு புதுச் செயின் வந்தால், அந்தத் தேய்ந்த பள்ளத்தில் அதற்கு இடம் கிடைக்காது. லேசாக மிதித்தால் சமாளிக்கும், எழுந்து நின்று மிதித்தால் பல்லைத் தாண்டிக் குதிக்கும். பையனின் சைக்கிளில் கடைசியிலிருந்து மூன்றாவது பல்சக்கரத்தில் மட்டும்தான் குதித்தது. சென்னை மேடு பள்ளம் இல்லாத ஊர். வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை ஒரே கியரில் போய்விடலாம். அந்த ஒரு கியர்தான் முதலில் சாகும்.

ஆக, விலை குறைந்த செயினை நேரத்துக்கு மாற்றினால், விலை கூடிய பல்சக்கரத் தொகுதி இரண்டு மூன்று செயின்களுக்குத் தாங்கும். ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டால் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் செயினைக் கொல்வது மலை இல்லை. மணலும் உப்புக் காற்றும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையும்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டு வந்து, அழுக்கின்மேலேயே எண்ணெய் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மணலுக்குக் குழம்பு ஊற்றிப் பிசைகிற மாதிரி. முதலில் பனியன் வேஸ்டால் நன்றாகத் துடைக்க வேண்டும். ரொம்ப அழுக்கென்றால் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் சைக்கிள் செயினுக்கான எண்ணெயை ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெளியே வழிவதையெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளேதான், வெளியே இருப்பது தூசியைக் கூப்பிடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். டபிள்யூடி-40யின் வழக்கமான ஸ்பிரேயும் செயினுக்கு எண்ணெய் ஆகாது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', நீரை விரட்டுவதற்காக 1953-இல் செய்த கலவை அது, 40 என்பது எத்தனையாவது முயற்சி என்பதன் கணக்கு. மழையில் நனைந்த செயினிலிருந்து தண்ணீரை விரட்ட அடிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எண்ணெய் விட வேண்டும்.

கிரீஸ் கருகிய கதை

மவுண்டன் சைக்கிள் பிறந்த கதையே ஒரு ரிப்பேர் கதைதான். கலிபோர்னியாவில் டமால்பைஸ் என்ற மலைக்குப் பக்கத்தில், ஃபேர்ஃபேக்ஸ் ஊரை ஒட்டி, 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ஒரு பந்தயம் நடத்தினார்கள். பழைய கனமான ஒற்றை கியர் சைக்கிள்களில், மண்பாதை வழியாக மலையிலிருந்து கீழே பாய வேண்டும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பின் ஹப்புக்குள், அதாவது பின்சக்கரத்தின் நடுக் குடத்துக்குள், பிடிக்கும் பிரேக். அந்தச் சூட்டில் ஹப்பில் இருந்த கிரீஸ் உருகிக் கருகிப் புகையாகப் போய்விடும். ஒரு தடவை இறங்கினால் ஹப்பைக் கழற்றித் திரும்ப கிரீஸ் அடைத்தாக வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதைக் குறிக்கும் 'ரீபேக்' என்பதே அந்தப் பந்தயத்துக்குப் பெயராகிவிட்டது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே சட்டம் செய்ய ஆரம்பித்தார். கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றவர்களும் அதே வட்டாரம்தான்.

நமக்கு கிரீஸ் கருகாது, கரையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் என் சைக்கிள் அச்சு முழுகத் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் வெளியே துடைத்து, எண்ணெய் விட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் பின்சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். ஹப்பைத் திறந்தால் கிரீஸ் ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தது. பால்ஸ் உருண்டைகளில் துருப் புள்ளிகள். உருண்டைகள் ஓடும் கோனிலும் அதே புள்ளிகள் குழியாகிவிட்டிருந்தன. உருண்டைகள் மலிவு, பின் ஹப்பில் பக்கத்துக்குக் கால் அங்குல உருண்டைகள் ஒன்பது. கோனும் கடையில் கிடைத்துவிட்டது. ஹப்பின் உள்ளேயே இருக்கும் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தால் ஹப்பே போயிருக்கும். மூன்றும் சேர்ந்துதான் தேயும் என்று தெரிந்திருந்தும் இரண்டு மாதம் சும்மா இருந்தது என் சோம்பல். உங்கள் சைக்கிள் வெள்ளத்தில் நின்றால், அந்த வாரமே இரண்டு ஹப், பெடல் அச்சு, ஹேண்டில்பார் கழுத்து எல்லாவற்றையும் ஓவராயில் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தம் பார்ப்பது

ஒரு பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி இரண்டு விதமாக இருக்கும். விலை குறைந்த 6, 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல். சும்மா விட்டால் 'டிக்டிக்' என்று ஓடும் அமைப்பு அந்தப் பல்சக்கரத் தொகுதிக்குள்ளேயே இருக்கும். மொத்தமாக ஹப்பின் மரையில் திருகி உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் விலை கூடியதில் கேசட். அதில் 'டிக்டிக்' அமைப்பு ஹப்போடு சேர்ந்தது, பல்சக்கரங்கள் மட்டும் அதன் வரிப்பள்ளங்களில் செருகி இருக்கும். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இது தெரியாமல் ஆன்லைனில் தள்ளுபடி போட்டார்கள் என்று ஒரு கேசட்டை வாங்கி, ஃப்ரீவீல் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான்.

கண்டுபிடிப்பது சுலபம். சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைச் சும்மா ஓடும் திசையில் சுழற்றுங்கள். அச்சை ஒட்டி, கழற்றும் கருவியைச் செருகுவதற்கான வரிப்பள்ள வளையம் ஒன்று தெரியும். பல்லோடு சேர்ந்து அதுவும் சுற்றினால் கேசட், அது அப்படியே நின்றால் ஃப்ரீவீல்.

இது வெறும் பெயர் வித்தியாசம் இல்லை. ஃப்ரீவீல் ஹப்பில் செயின் பக்கத்து பேரிங் அச்சின் முனையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அச்சின் ஒரு நீளம் தாங்குவாரில்லாமல் நிற்கும். கொஞ்சம் கனமானவர்கள் பள்ளத்தில் விட்டுவிட்டு இறங்கினால் அச்சு வளையவோ முறியவோ காரணம் அதுதான். ஒவ்வொரு வருடமும் பின் அச்சு வளைகிறது என்றால் அடுத்த அச்சு வாங்குவதை நிறுத்திவிட்டு, கேசட் ஹப் உள்ள சக்கரம் வாங்குங்கள். அது நியாயமான அப்கிரேடு.

ஒன்பது கியரை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு போட முடியுமா என்று கேட்பவர்கள் அதிகம். இங்கேதான் ஜாதகம் பார்க்கும் வேலை. கியர் எண்ணிக்கை கூடக் கூடப் பல்சக்கரங்கள் நெருங்கி நிற்கும், செயினும் ஒல்லியாகும். 7, 8 கியர் செயின் வெளி அகலத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், 12 கியர் செயின் ஐந்தேகால். கியர் லீவர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஒயரை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டிரெயிலர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தள்ளும் கை) எவ்வளவு நகர்கிறது, பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு தூரம் என்ற மூன்று கணக்கும் ஒத்துப்போனால்தான் கியர் விழும். கியர் செய்யும் ஜப்பான் கம்பெனியான ஷிமானோவின் 7, 8, 9 கியர் மவுண்டன் டிரெயிலர்களுக்கு இந்த இழுப்புக் கணக்கு ஒன்றே. அதனால் 8 கியர் சைக்கிளில் 9 கியர் டிரெயிலர் சும்மா ஓடும். 10 கியர் வந்தபோது கணக்கை மாற்றிவிட்டார்கள். அதன் போட்டிக் கம்பெனியான ஸ்ராமின் கணக்கு வேறு.

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் நிறைய என்ற இன்றைய ஏற்பாட்டை 2012-இல் ஸ்ராம் 11 கியரோடு கொண்டுவந்தது. 2016-இல் 12 ஆக்கியது. 2018-இல் ஷிமானோவும் 12-க்கு வந்தபோது, பல்சக்கரங்கள் செருகும் ஹப் உடலின் வடிவத்தையே மாற்றியது. ஆக, "12 கியர் போட்டுக்கொடுங்க அண்ணே" என்ற ஒற்றை வரிக்கு லீவர், டிரெயிலர், செயின், கேசட், பல நேரம் பின் ஹப், முன் பல்சக்கரம் என்று அர்த்தம். இருபதாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு இதைச் செய்வதைவிடச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம். நகரத்துக்குள் நமக்குக் கிடைக்கும் ஏற்றம் பரங்கிமலையும் மேம்பாலங்களும்தான். ஏற்றம் கஷ்டமாக இருக்கிறது என்றால் 14-28 ஃப்ரீவீலை (சின்னப் பல்சக்கரத்தில் 14 பல், பெரியதில் 28) கழற்றிவிட்டு 14-34 போடுங்கள். உங்கள் டிரெயிலர் 34 பல் வரை தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். செயினும் கொஞ்சம் நீளம் கூடியதாக வேண்டியிருக்கும்.

கியர் விழவில்லை என்றால்

கியர் சரியாக விழாத சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எல்லா ஸ்க்ரூவையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஸ்க்ரூ தானாகத் திரும்புவதில்லை. நேற்று வரை விழுந்த கியர் இன்று விழவில்லை என்றால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

முதலில் சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டிரெயிலர் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சின்னத் துண்டு, அலுமினியச் சட்டங்களில் வேண்டுமென்றே மெலிசாகச் செய்யப்பட்டது. அடிபட்டால் சட்டம் முறியாமல் அது வளையட்டும் என்று. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் யாராவது ஸ்கூட்டரை நுழைக்கச் சைக்கிளை வலப்பக்கம் சாய்த்தால் போதும், வளைந்துவிடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஹேங்கர் வடிவம் வேறு. சைக்கிள் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, அது முறிவது எப்போதும் நீண்ட பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான்.

ஹேங்கர் நேராக இருந்தால் அடுத்து ஒயர். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறதா? ஒயர் தளர்ந்திருக்கிறது. லீவரிலோ டிரெயிலரிலோ ஒயர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னப் பீப்பாய்த் திருகியை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள், கியர் மாற்றிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னும் கால் சுற்று. சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம். ஒயர் உறைக்குள் துருப்பிடித்திருந்தாலும் இறங்கத் தயங்கும். அதைத் திருகியால் சரிசெய்ய முடியாது. ஒயரையும் உறையையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. சில நூறு ரூபாயில் புதுச் சைக்கிள் மாதிரி மாற்றம் தெரியும் வேலை இது ஒன்றுதான் என்பேன். பிரேக் உறையையும் கியர் உறையையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் உறைக்குள் நீளவாக்கில் ஓடும். கியர் உறையைப் பிரேக்கில் போட்டால், அழுத்திப் பிடிக்கிற நேரத்தில் வெடித்துக்கொண்டு வரும்.

டிரெயிலரில் உள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் எல்லைக் கற்கள். ஒன்று செயின் ஸ்போக்குக்குள் விழாமல் தடுக்கும், இன்னொன்று சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்காமல் தடுக்கும். புது டிரெயிலரோ புதுச் சக்கரமோ போடும்போதுதான் அவற்றுக்கு வேலை.

பிரேக், டயர்

டிஸ்க் பிரேக்கில் ஜோடி பேடும், அது கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டரும். பேடில் உராயும் பொருள் அரை மில்லிமீட்டர் வரை தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். விட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். ரோட்டரில் விரல் படக்கூடாது, செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது துளி பறந்து படவும் கூடாது. எண்ணெய் குடித்த பேடு கீச்சென்று கத்தும், பிடிக்காது. ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாம், ஆனால் பேடு எண்ணெய் குடித்துவிட்டால் பெரும்பாலும் புதுசுதான். புதுப் பேடு போட்டதும் காலியான தெருவில் ஓரளவு வேகத்திலிருந்து மெதுவாக வேகத்தைக் குறைப்பதை ஒரு இருபது தடவை செய்யுங்கள். அப்போதுதான் பேடு ரோட்டரோடு பழகும். நேரே ஏலகிரிக்கு எடுத்துப்போய் 14 கொண்டை ஊசி வளைவிலும் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒயர் டிஸ்க்கிலிருந்து ஆயில் டிஸ்க்குக்கு மாறுவது, பணம் இருந்தால் நான் தயங்காமல் சிபாரிசு செய்யும் அப்கிரேடு. ஒரு விரல் போதும். ஆனால் விலை குறைந்த சைக்கிள்கள் பலவற்றில் கியர் லீவரும் பிரேக் லீவரும் ஒரே உடம்பு. பிரேக்கை மாற்றினால் கியர் லீவரும் தனியாக வாங்க வேண்டும், இதைக் கணக்கில் சேருங்கள். ரோட்டர் ஆறு போல்ட்டில் பிடித்திருக்கிறதா, நடுவில் ஒற்றை வளையத்திலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பல, மோட்டார் வண்டி பிரேக்கில் ஊற்றும் டாட் திரவத்தில் ஓடுபவை. எது என்று லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போய் பிரேக்கே போய்விடும். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அன்போடு தன் டப்பாவிலிருந்து ஊற்றித் தர வருவார், அன்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தவும் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மலிவான அப்கிரேடு டயர். பூரான் முதுகு மாதிரி முள் வைத்த டயரில் ஈசிஆரில் மாமல்லபுரம் போய்வருகிறவர்கள் தார் ரோட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். நடுவில் மழமழப்பும் ஓரத்தில் மட்டும் முள்ளும் உள்ள டயர் போட்டால் அதே காலுக்கு வேகம் கிடைக்கும். வாங்கப் போகும்போது '26' என்று மட்டும் கேட்காதீர்கள். மவுண்டன் சைக்கிளின் 26 டயருக்கு உள்விட்டம் 559 மில்லிமீட்டர். சாதாரண சைக்கிளுக்கு வரும் 26 × 1⅜ டயருக்கு 590. புள்ளி வைத்து எழுதிய 26 × 1.95-உம் பின்னத்தில் எழுதிய 26 × 1⅜-உம் வேறு வேறு சாதி, ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. 27.5 என்றால் 584, 29 என்றால் 622. டயர் ஓரத்தில் 54-584 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். காற்றையும் கம்பிரசரில் கல் மாதிரி அடித்துத் தருவார்கள். டயர் ஓரத்தில் அச்சிட்ட எல்லைக்குள், அளவு காட்டும் பம்பில் நீங்களே அடியுங்கள். என் 70 கிலோவுக்கு ரோட்டில் 45 பிஎஸ்ஐ, மண்பாதையில் 32 என்று வைத்திருக்கிறேன்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மாற்றுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நல்ல ஏர் ஃபோர்க்கின் விலை பல நேரம் சைக்கிள் விலையைத் தொடும். அது பெரும்பாலும் கீழே அகலும் கழுத்துக்காகச் செய்தது, பழைய சட்டங்களில் கழுத்து நேர்க்குழாய். இருப்பதன் பளபளப்பான கால்களைக் கடற்கரைக்குப் போய்வந்தால் துடைத்து வையுங்கள், போதும்.

இடம்புரி மரை

சொந்தமாகக் கழற்றத் தொடங்குகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது மரையில். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படி. அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க்கின் அச்சைத் தாங்கும் கிண்ணங்களிலும் இந்த விளையாட்டு உண்டு, ஆனால் அங்கே தலைகீழ் மரை செயின் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில். மவுண்டன் சைக்கிள்களில் பரவலாக இருக்கும் இந்த மரைக்கு பி.எஸ்.ஏ. என்று பெயர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது துப்பாக்கிக் கம்பெனி. 1949-இல் தொடங்கிய நம்ம டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? அதே பெயர்தான். எதிர்த்திசையில் முழு பலத்தையும் போட்டு மரையைச் சாப்பிட்டுவிட்டால் பெடலோடு போகாது, கிராங்க்கும் போகும். இறுக்குவதற்கு முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருப்புங்கள். கையால் போகவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம்.

பையனின் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடையது ஃப்ரீவீல். பாரிமுனைப் பக்கம் போய் ஏழு பல்சக்கரம் உள்ள அதே 14-28-ஐ வாங்கி வந்தான். பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. ஃப்ரீவீலை நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை மரையில் இறுக்கிக்கொண்டே இருக்கும், மூன்று வருடம் மிதித்தால் கேட்கவே வேண்டாம். என்னிடம் கழற்றும் கருவி இருந்தது, ஸ்பேனரால் அசைக்க முடியவில்லை. தெருமுனை வெல்டிங் பட்டறையில் கேட்டு, கருவியை வைஸில் இறுக்கி, அதன்மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, டயரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மாநகரப் பேருந்தின் ஸ்டியரிங்கை ஒடிப்பது மாதிரி இருவரும் சேர்ந்து இடப்பக்கம் திருப்பினோம். டக்கென்று ஒரு சத்தம். பையன் ரிம் உடைந்துவிட்டது என்று கையை எடுத்துவிட்டான். மரைதான் விட்டுக்கொடுத்திருந்தது. புதியதை கிரீஸ் தடவிக் கையாலேயே திருகினான், அதே புதுச் செயின் அன்று மாலை சத்தமில்லாமல் ஓடியது.

ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் வாங்கியிருக்கிறான். போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தியிருந்த என் சைக்கிளின்முன் குனிந்துகொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். "அங்கிள், உங்களுது இரண்டு மில்லிமீட்டர் தாண்டிடுச்சு."